ரிப்போர்ட்டில் எழுதிய வார்த்தை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனி ஒன்றில் ஹெலனுக்குப் பதினோரு வருட வேலை. மிஷின் கதவின் பூட்டு சரியாக விழாமல், அச்சு கொதிக்கும்போதே கதவு திறந்துகொண்டதால், வாளியை எடுக்கப் போன அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் வெந்துபோயின. ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தவளை மேனேஜர் அன்புசெல்வன் அறைக்குக் கூப்பிட்டு ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டினார்.

"விபத்து ரிப்போர்ட்டும்மா. ஒரு கையெழுத்து போடு."

சோழவரம் சர்ச்சில் ஞாயிறுதோறும் வேத பாடம் வாசிப்பவள் ஹெலன். எதையும் படிக்காமல் கையெழுத்து போட்டுப் பழக்கமில்லை. எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் 'இல்லிட்டரேட்' என்று இருந்தது. போனில் அகராதியைத் திறந்து தேடினாள். 'லிட்டரேச்சர்' என்றால் இலக்கியம். 'லிட்டரேட்' என்றால் எழுதப் படிக்கத் தெரிந்தவர். 'இல்லிட்டரேட்' என்றால் தெரியாதவர். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா சார் இது? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதிக்கீறீங்க?"

"மிஷின் மேல மாட்டியிருக்கிற இங்கிலீஷ் எச்சரிக்கை போர்டைப் படிக்கத் தெரியலன்னு சொல்றோம். அப்படியே அர்த்தம் எடுத்துக்காதம்மா."

"எழுதி வெச்சா அப்படியேதான் சார் எடுத்துப்பாங்க. படிக்காதவ, தானா கைய வுட்டான்னு கேஸு முடிஞ்சிடும். பூட்டு வுழலன்னு புகார் நோட்டுல மூணு வாட்டி தமிழ்ல எழுதிக்கீறேன். படிச்சவங்க ஒருத்தரும் அதைப் படிக்கல."

"கையெழுத்து போடலன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள வர முடியாது."

"அப்போ வெளியவே நிக்கிறேன் சார்."

மறுநாள் கேட்டுக்கு எதிரே வெயிலில் தனியாக நின்றாள். அடுத்த நாள் பேக்கிங்கில் வேலை செய்யும் ஈஸ்வரியும் வந்து பக்கத்தில் நின்றாள். பேச வந்த அன்புசெல்வனிடம் ஈஸ்வரிதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஹெலனுக்காவது படிக்கத் தெரியும் சார். எனக்கு நெசமாவே தெரியாது. அதுக்காக என் கை வெந்தா பரவால்லியா? பூட்டை ரிப்பேர் பண்றதுக்கு நான் இன்னாத்துக்குப் படிக்கணும்?"

ஹெலனுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாகத் தன் மானத்தைப் பற்றியே அவள் அதிகம் யோசித்திருந்தாள். ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பூட்டுதான் காரணம்னு எழுதுங்க சார். அதுவரைக்கும் நாங்க இங்கதான்."

மூன்றாம் நாள் காலை ஷிப்ட் மொத்தமும் உள்ளே போகாமல் ரோட்டில் நின்றது. பதினோரு மணிக்குப் புது ரிப்போர்ட் வந்தது, தமிழில். விபத்துக்குக் காரணம் பழுதான பூட்டு என்று அதில் இருந்தது. அன்புசெல்வன் பேனாவை நீட்டியபடி நிற்க, ஹெலன் அவசரப்படாமல் முதல் வரியிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.