தமு சாமி கிளம்ப மாட்டேன் என்கிறார்

மேல்மடைக்காரர்கள் கால்வாயை அடைத்தது ஒரு சிரிப்புக்காக. போன திருவிழாவில் அவர்கள் தலைவர் ஷெஷ்கல்லா கால் வழுக்கிச் சேற்றில் விழுந்தார். கீழ்மடை ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மனுஷன் கறுவிக்கொண்டே இருந்து, பார்லி பால்பிடிக்கும் நேரம் பார்த்து, நாணல் பாயும் களிமண்ணும் போட்டு மதகை அடைத்துவிட்டார். கதிர் முற்றும்வரை வயல் ஈரமாக இருந்தால்தான் கீழ்மடைக்கு இந்த வருஷம் ரொட்டி.

உர்தமு கீழ்மடைக் கோயிலின் படகோட்டி. வருஷாவருஷம் தமு சாமி சிலையைப் படகில் ஏற்றி, மேல்மடையில் இருக்கும் அவருடைய நண்பர் லகார் சாமி வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிப் போவது அவன் வேலை. அந்த நாளும் வந்தது.

"தண்ணியே இல்ல, படகு எப்பிடிடா போகும்?" என்றார்கள் ஊரார்.

"சாமி கிளம்புறது கிளம்புறதுதான். போற வரைக்கும் போகட்டும்" என்றான் உர்தமு.

கயிறு கட்டி இழுத்தார்கள். மேளதாளத்தோடு வந்த படகு மதகுக்குக் கீழே சேற்றில் உட்கார்ந்துகொண்டது. கரையில் குலி நின்றான். மதகும் லகார் கோயிலும் அவன் பொறுப்பு. உர்தமுவும் அவனும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். மதகு மூடிய நாளிலிருந்து பேச்சு இல்லை.

"என்னடா, சாமிய இப்பிடிச் சேத்துல உக்கார வெச்சிருக்க?"

"நான் எங்கடா வெச்சேன்? அவரு உங்க வாசல் வரைக்கும் வந்துட்டாரு. நீங்கதான் கதவச் சாத்திட்டீங்க."

மேல்மடைப் பெண்கள் கூடிவிட்டார்கள். "விருந்தாளியச் சேத்துல விட்டுட்டு லகார் சாமி மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?" என்று ஷெஷ்கல்லாவைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திறக்கச் சொன்னார். தண்ணீர் வந்தது. படகு மிதந்து லகார் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. உர்தமுவுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

விருந்தாளி ஊர் திரும்பும்வரை அவர் வந்த வழியை அடைக்கக் கூடாது. அதுதான் வழக்கம். மறுநாள் காலை ஷெஷ்கல்லா கோயிலில் வந்து நின்றார்.

"சாமி எப்ப கிளம்புறாராம்?"

உர்தமு சாமியின் வாயருகே காதை வைத்தான். சாமி பெயரில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? வாடிய கதிர்களை நினைத்துக்கொண்டான்.

"பேச்சு இன்னும் முடியலையாம்."

அடுத்த நாளும் பேச்சு முடியவில்லை. அதற்கடுத்த நாளும் முடியவில்லை. ஷெஷ்கல்லா கண்ணைச் சுருக்கினார்.

"குலி, நீ போய் நம்ம சாமியக் கேளு."

உர்தமுவும் அவன் பின்னாலேயே போய் நின்றான். குலி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதகு மூடிவிடும். குலி லகார் சாமியிடம் காதை வைத்து வெகுநேரம் நின்றான்.

"சிநேகிதன இப்பவே அனுப்பிட்டா நான் யார்கூடப் பேசுறதுன்னு கேக்குறாரு தலைவரே."

ஷெஷ்கல்லா இரண்டு சாமிகளையும் பார்த்தார். இரண்டு ஆசாமிகளையும் பார்த்தார். பிறகு பீர்ப்பானை அருகே உட்கார்ந்து, உறிஞ்சும் நாணலை உர்தமு பக்கம் தள்ளினார்.

"பேசட்டும். கதிர் முத்துற வரைக்கும் பேசட்டும்."

அவர் போனபின் உர்தமு நண்பனின் தோளைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"நெசமாவே ஏதாச்சும் காதுல கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சே" என்றான் குலி. "பின்னால நின்ன உன் நெஞ்சு அடிச்சுக்கிட்ட சத்தம்."