பச்சையாகாத கல்பாசி

லோர்னாவுக்கு இரண்டு முட்டியும் விட்டுப்போயிருந்தன. விடிந்ததிலிருந்து சதுப்பில் மண்டிபோட்டு, மேப்பிள் மரங்களின் பட்டையில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் அரசாங்கக் காட்டில் அரிதான நீலக் கல்பாசி ஒரு மரத்தில் இருந்தால் போதும், அதைச் சுற்றி மரம் வெட்டக்கூடாது என்பது சட்டம். கிடைக்காவிட்டால் இன்றோடு அவள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் இந்த அரசாங்கக் காடு காலி. மற்ற மூன்று பக்கமும் ஏற்கெனவே மொட்டை.

மரம் வெட்டும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி கர்ட்டிஸ்.

"அக்கா, போன வருஷம் மாதிரி எதையாவது காட்டி மானத்தை வாங்காதே. ஊரே சிரிச்சுது."

"சிரிச்சவன் எவனாவது எனக்குச் சாப்பாடு போட்டானா?"

போன வருஷத் தப்பு அவளுடையதுதான். காய்ந்து கிடந்ததைப் பார்த்து முடிவு கட்டிவிட்டாள். காய்ந்தால் எல்லாக் கல்பாசியும் சாம்பல்தான். நனைந்தாலும் பச்சையாகாததுதான் நீலக் கல்பாசி; வனத்துறை அதிகாரி தண்ணீர் விட்டதும் அவள் காட்டியது தவளைப் பச்சையானது.

இப்போது ஒரு மரத்தில் ஒன்று சிப்பிபோல் விரிந்திருந்தது, ஓரமெல்லாம் கருநீலக் கம்பளி. பாட்டில் தண்ணீர் உறைந்துகிடந்ததால் ஓடைப் பனியை உடைத்துக் கையுறையை நனைத்து வந்து பிழிந்தாள். கர்ட்டிஸும் இறங்கி வந்து குனிந்தான்.

பச்சையாகவில்லை. ஈயம் மாதிரிக் கறுத்தது.

கர்ட்டிஸ் கத்தியை எடுத்தான். "ஒரே சுரண்டு. நீயும் பாக்கல, நானும் பாக்கல."

அவள் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். "முதல்ல என்னைச் சுரண்டுடா."

"இந்தக் காட்டை நம்பி வேற வேலையெல்லாம் விட்டுட்டேன். குளிர்காலம் பூரா பிள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

"தெரியாது. ஆனா நகர மாட்டேன்."

"மேட்டுல ஏறினாத்தான் சிக்னல். எவ்வளவு நேரம் நிப்பே?"

"நீ ஏறி அதிகாரிக்குப் போன் பண்ற வரைக்கும்."

"நானா? என் வாயாலயா?"

"நீ சொன்னா நம்புவாங்க. நான் சொன்னா சிரிப்பாங்க."

அவளை அங்கிருந்து பிய்த்தெடுக்க முடியாதென்று கர்ட்டிஸுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். காறித் துப்பினான். கத்தியை மடக்கி, இயந்திரத்தை அணைத்துவிட்டு மேடேறினான். "ஆமாங்க, நானே பாத்தேன். வந்து தொலைங்க!" என்று அவன் கத்துவது கீழே கேட்டது.

காடு வெட்டுப்படாமல் நின்றது. கர்ட்டிஸுக்கு அந்தக் குளிர்காலம் வேறு வேலை கிடைக்கவில்லை. தம்பிக்கு லோர்னா பட்ட கடன் ஒரு குளிர்காலத்து வேலை, இன்னும் தீர்க்கவில்லை.