கேற்றடியில் ஒரு வாப்பா

முந்திரிகை மரத்தைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமான பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்ததைக் கண்டதும் ஹப்ஸா டீச்சருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் வாகனம் வராமல் கட்டுவார்களே, அந்த நாடா. அடிமரத்தில் பல சுற்று, தாழ்ந்த கொப்பில் சில சுற்று, மிச்சம் ஆற்றுக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"அஸீமா! இது ஆர் செஞ்ச வேல?"

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த உதவி ஆசிரியை அஸீமா, நிமிராமலே விளக்குமாற்றால் வாசல் கேற்றுப் பக்கம் காட்டினாள்.

அங்கே முனாஸ் நின்றார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கழுத்தில் விசில். பக்கத்தில் அவருடைய மகள் சப்னா, புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்தபடி.

"அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். அந்தக் கொப்பு சரியில்ல. சுபஹு தொழுதிட்டு வந்து கட்டிட்டன்."

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றாள் ஹப்ஸா. ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் விடமுடியாது. அதற்கு மேல் வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து, விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தாள்.

ஓட்டமாவடிப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றங்கரைப் பக்கமாக இருந்தது அந்தப் பாலர் பாடசாலை. நீளமாக ஓர் அறை, ஒரு ஸ்டோர், ஒரு தண்ணீர்ப் பைப், பின்னால் மணல் முற்றம். அவ்வளவுதான். ஹப்ஸா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த முற்றத்தில் நெருஞ்சி முள்ளும் கட்டாக்காலி ஆடும்தான் இருந்தன. பழைய டயர்களைக் கேட்டு வாங்கிப் பாதி புதைத்ததும், வீடு வீடாகச் சிரட்டை சேர்த்ததும், தண்ணீர் விளையாட பேசின் வைத்ததும் அவள்தான்.

காலையில் ஓதி, பாட்டுப் பாடி, எழுத்துப் பார்த்து முடிந்ததும் பிள்ளைகள் வெளியே பாய்வார்கள். மணலில் பிட்டு அவித்து விற்பார்கள். பெரிய சிரட்டை நிரம்ப எத்தனை சின்னச் சிரட்டைத் தண்ணீர் வேண்டும் என்று ஊற்றி ஊற்றிச் சண்டை பிடிப்பார்கள். முந்திரிகை மரம் ஏறுவதற்கென்றே வளர்ந்ததுபோல் ஒரு கொப்பைத் தரையோரமாக நீட்டிக்கொண்டு நின்றது. "மண் அளையவா டீச்சர் பிள்ளைகள அனுப்புறம்?" என்று கேட்ட உம்மாமாருக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, அந்த விளையாட்டும் படிப்புத்தான் என்று ஒருவழியாக நம்பவைத்து, அவள் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் முனாஸ் கட்டாரிலிருந்து வந்து இறங்கினார்.

அங்கே பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் அவருக்குச் சேஃப்டி வேலை. எந்த இடத்தில் ஆள் விழக்கூடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது, கண்டால் விசிலடிப்பது. ஒப்பந்தம் முடிந்து ஊரோடு வந்துவிட்டார். இனி என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். மனைவி றபீக்காவுக்குக் காலையில் ஒபிஸ். அதனால் மகளைக் கூட்டிவருவது அவர் பொறுப்பு. கூட்டிவந்தவர் திரும்பிப் போனால் யாருக்கும் கரைச்சல் இல்லை. அவர் போகவில்லை.

முதல் நாள் கேற்றடியில் நின்று பார்த்தார். பிள்ளை புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், வாப்பாவுக்கு மனசு கேட்காது என்று ஹப்ஸாவும் விட்டுவிட்டாள். அடுத்த நாள் கேற்றுக்கு உள்ளே நின்றார். அதற்கடுத்த நாள் டயரில் ஏறிக் குதித்த சிறுவன் ஷிஹானைப் பார்த்து விசிலடித்தார். முற்றம் முழுக்க அப்படியே உறைந்துபோனது. பேசினுக்குள் கைவிட்ட பிள்ளை விட்டபடி நின்றது. ஷிஹான் ஒருவன்தான் அசைந்தான். அவன் பயத்தில் காற்சட்டையை நனைத்துவிட்டான். மாற்றுடுப்புத் தேடி அலைந்தவள் ஹப்ஸா.

"விசில் வேணாம் நானா" என்று அண்ணன் முறை வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"சரி டீச்சர்" என்றார். விசிலை வாயில் வைக்கவில்லை. வாயாலேயே கத்தினார். "ஓடாத மகன்! கல்லு! கல்லு! மெதுவா!" மணலை அரிதட்டில் அரித்தார். சிரட்டைகளின் விளிம்பை உரைதாளால் தேய்த்தார். மண்ணில் கைவைத்த பிள்ளையை எல்லாம் கூப்பிட்டு ஈரத்தாளால் துடைத்துவிட்டார். துடைத்த கை திரும்ப மண்ணுக்குப் போனது. அவர் திரும்பத் துடைத்தார்.

நிறுத்தவும் முடியவில்லை. ஒழுகிய பைப்பை அவர்தான் திருத்தினார். துருப்பிடித்து இறுகிக் கிடந்த கேற்றுக்கு எண்ணெய் போட்டார். "இப்பிடி ஒரு ஆள் சும்மா கிடைக்குமா டீச்சர்?" என்றார்கள் சில உம்மாமார்.

ஆனால் சப்னாவைப் பார்க்கப் பார்க்கத்தான் ஹப்ஸாவுக்கு எரிச்சல் கூடியது. அந்தப் பிள்ளை ஒரு காலை எடுத்துவைக்குமுன் கேற்றைப் பார்க்கும். சிரட்டையைத் தொடுமுன் கேற்றைப் பார்க்கும். மற்றவர்கள் கூச்சல்போட்டு விளையாடும்போது சுவரோரம் காலில் சப்பாத்தோடு உட்கார்ந்திருக்கும்.

"நீங்க பிட்டு விக்கலியா மகள்?"

"வாப்பா ஏசுவார்."

ஹப்ஸா போனில் றபீக்காவுக்குக் கோல் எடுத்தாள். "தங்கச்சி, உங்கட அவரக் கொஞ்சம் வீட்டில இருக்கச் சொல்லுங்க. பிள்ளைகளுக்கு விளையாட ஏலாம இரிக்கு."

குரலைத் தாழ்த்திக்கொண்டு றபீக்கா சொன்னாள்: "டீச்சர், அல்லாஹ்வுக்காக அவர அங்கருந்து கலைச்சிடாதீங்க. வீட்டில குசினிக் கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சி வச்சிரிக்கார். மரக்கறி வெட்ட நான் அவரிட்டக் கேட்டு வாங்கணும். காலையில அவர் அங்க நிக்கிற நேரம்தான் டீச்சர் எனக்கு நிம்மதி."

போனை வைத்துவிட்டு ஹப்ஸா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு முன்னால் நின்று கத்தினால் பிள்ளைகள் பயப்படும் என்பதால் கத்தவில்லை.

இப்படியெல்லாம் நடந்த பிறகுதான் இந்த நாடா.

எழுத்துப் பார்க்கும் நேரம் முடியும்வரை அவள் அடக்கிக்கொண்டாள். பிள்ளைகள் வெளியே போகுமுன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். முனாஸ் பின்னாலேயே ஓடிவந்தார்.

"வெட்டாதீங்க டீச்சர்! முந்திரிகைக் கொப்பு சட்டெண்டு முறியும். அது வேம்பு மாதிரி இல்ல."

"நானா, இந்தக் கொப்பில நான் ஏறி இருந்து பாத்திரிக்கன். என்னத் தாங்கினது பிள்ளையத் தாங்காதா?"

"நேத்துத் தாங்கினது இண்டைக்குத் தாங்கும் எண்டு எப்படிச் சொல்றது? அங்க எங்களுக்கு முதல் பாடமே அதுதான்."

"இது கட்டார் இல்ல! இது நேசறி!"

அவள் குரல் உயர்ந்ததில் அஸீமா கதவடியில் எட்டிப் பார்த்தாள். முனாஸ் அசரவில்லை. "மரம் மட்டுமில்ல டீச்சர். உங்கட ஸ்டோருக்குள்ள சாமான் அடுக்கியிரிக்கிற ராக்கை சுவரோட சேத்துப் பூட்டவேயில்ல. பிள்ளைகளுக்கு மேல சரிஞ்சா? வாங்க, காட்டுறன்." சொல்லிக்கொண்டே அவர் ஸ்டோருக்குள் நுழைந்து, ராக்கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

ஹப்ஸா வாசலில் நின்றாள். அதைத் திட்டம்போட்டுச் செய்தேன் என்று அவள் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. கை தன்பாட்டில் போனது. கதவைச் சாத்தியது. வெளிப்பக்கக் கொண்டி விழுந்தது.

"டீச்சர்?"

"ராக்கையப் பூட்டுங்க நானா. ஆணி, சுத்தியல் எல்லாம் உள்ளதான் இரிக்கு. விளையாட்டு முடியட்டும், திறக்கன்."

"டீச்சர்!"

அஸீமா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஹப்ஸா நாடாவை வெட்டி எறிந்தாள். பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். ஷிஹான் வெட்டிய நாடாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு கொப்பில் ஏறினான். "பொலநறுவ, பொலநறுவ! ஏறுங்க, ஏறுங்க! உள்ள போங்க!" கொப்பு பஸ்ஸானது. ஒவ்வொருவராக ஏறினார்கள். டிக்கட் முந்திரிகை இலை.

சப்னா கேற்றைப் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்பவும் பார்த்தாள். எழும்பிப்போய்க் கேற்றின் கம்பி வழியாக ரோட்டையும் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்தாள்.

ஸ்டோருக்கு முற்றத்தைப் பார்த்தபடி வலையடித்த ஒரு ஜன்னல் இருந்தது. அந்த வலையில் முனாஸின் மூக்கு அழுந்தித் தெரிந்தது. ஹப்ஸா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

சப்னா மரத்தடிக்குப் போய்க் கொப்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு காலை வைத்தாள். எடுத்தாள். மற்றக் காலை வைத்தாள். கை வழுக்கி, பொத்தென்று விழுந்தாள்.

"டீச்சர்! விழுந்திட்டாள்! கதவத் திறங்க!" உள்ளேயிருந்து கதவு அதிர்ந்தது. அந்த அதிர்வு ஹப்ஸாவின் முதுகெலும்பில் ஏறியது. ஏதும் ஆகியிருந்தால் கொண்டி போட்ட கையை யார் மன்னிப்பார்? ஓடிப்போய்த் தூக்கக் கால் துடித்தது. அவள் பல்லைக் கடித்தாள். "பொறுங்க நானா. அவளப் பாருங்க."

சப்னா முழங்காலைப் பார்த்தாள். தோல் கொஞ்சம் உரஞ்சியிருந்தது. அழுவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது முகம். மேலேயிருந்து ஷிஹான் கத்தினான்: "கெதியா ஏறு! பஸ் போகப்போகுது!" அவள் அவசரமாக முழங்காலில் எச்சில் தடவினாள். இந்த முறை அடிமரத்தைக் கட்டிப்பிடித்து, வயிற்றால் எக்கி, கொப்பின் மேல் ஏறி உட்கார்ந்தாள். ஏறியதும் ஒரு சத்தம் போட்டாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய தொண்டை இருப்பது ஹப்ஸாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

கொஞ்சம் பொறுத்து, கதவுக்குப் பின்னால் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

அப்படியே விட்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் எண்ணெய் போட்ட கேற்று சத்தமே இல்லாமல் திறந்து, நிர்வாகத் தலைவர் மஜீட் ஹாஜியார் உள்ளே வந்துவிட்டார்.

"டீச்சர், பின்னேரம் கூட்டம் இரிக்கு. ஆக்களுக்கு இரிக்க, ஸ்டோரில உள்ள கதிரைகள எடுக்கணும்."

ஹப்ஸா திரும்பிக் கொண்டியைப் பார்த்தாள். ஸ்டோருக்குள் ஓர் ஆம்பிளை. கதவுக்குக் கொண்டி. முன்னால் அவள். இதை எந்தப் பக்கத்திலிருந்து சொன்னாலும் ஊர் வேறு பக்கத்திலிருந்துதான் கேட்கும். வேறு வழியில்லாமல் கொண்டியை எடுத்தாள்.

முனாஸ் கையில் சுத்தியலோடு நின்றார். ராக்கை சுவரோடு பூட்டியிருந்தது.

ஹாஜியார் அவரைப் பார்த்தார், கொண்டியைப் பார்த்தார், ஹப்ஸாவைப் பார்த்தார்.

"ராக்கை பூட்டினன் ஹாஜியார்" என்றார் முனாஸ். "ஆணி அடிக்கக்குள்ள பிள்ளைகள் உள்ள வந்திடும் எண்டு நான்தான் வெளியால பூட்டச் சொன்னன். சேஃப்டிக்கு."

"அதுவும் சரிதான்" என்று தலையை ஆட்டிவிட்டு ஹாஜியார் கதிரைகளை எடுப்பித்துக்கொண்டு போனார். அஸீமா பைப்படிக்கு ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள், சிரிப்பை அடக்க.

ஹப்ஸா தலையைக் குனிந்தாள். "நான் செஞ்சது பிழை நானா. என்னப் பைத்தியமாக்கிட்டீங்க, அதுதான்."

முனாஸ் சுத்தியலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொப்பில் இருந்தபடி இலைகளை எண்ணி, டிக்கட்டுக்குக் காணாது, இன்னும் வேணும் என்று யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தாள்.

"போனில எனக்கு அவள்ற முகம் மட்டும்தான் டீச்சர் தெரியும். நாலு வருசமும் உம்மாட மடியில இரிக்கிற பிள்ளையத்தான் கண்டன். இங்க வந்து அவள் நடக்கக்குள்ள, ஒவ்வொரு அடிக்கும் எனக்கு ஈரல் கருகுது. விழுந்தா எழும்புவாள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அவள் விழுந்ததையே நான் கண்டதில்லையே."

ஹப்ஸாவின் எரிச்சல் போய்விடவில்லை. ஆனால் அதை வைத்துக்கொள்ள இடம் கொஞ்சம் குறைந்துபோனது. "காலில மருந்து போடணும். நீங்களே போட்டுவிடுங்க" என்றாள்.

அடுத்த நாள் காலை அவள் வந்தபோது பாடசாலைக் கேற்று திறக்கவில்லை. முன்னால் ஒரு மணல் குவியல், ஆளுயரத்துக்கு. லேண்ட்மாஸ்டர் ட்ரக்டரில் கொண்டுவந்து பறித்துக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில் மண்வெட்டியோடு முனாஸ்.

"மரத்தடியில வேர் தெரியுது டீச்சர். விழுறவள் மெத்தெண்டு விழட்டுமே எண்டு..."

"நல்லம் நானா. மிச்சம் நல்லம். ஆனா கேற்றுக்கு முன்னாலயா பறிக்கிற? பிள்ளைகள் எப்பிடி உள்ள போறது?"

பிள்ளைகள் உள்ளே போகவே இல்லை. வந்தவர்களெல்லாம் பையைப் போட்டுவிட்டுக் குவியலில் ஏறினார்கள். உச்சியிலிருந்து உருண்டார்கள். ரோட்டில் போன முச்சக்கர வண்டிகள் ஹோர்ன் அடித்தன. உம்மாமார் தலையில் கைவைத்தார்கள். ஓதும் நேரம் போய்க்கொண்டிருந்தது. ஹப்ஸா ஒருவரைப் பிடித்து இறக்கினால் ரெண்டு பேர் ஏறினார்கள்.

முனாஸின் கை, பழக்கத்தில், கழுத்துக்குப் போனது. அங்கே விசில் இல்லை. வாயைத் திறந்தார். ஹப்ஸா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

குவியலின் மேலிருந்து உருண்டு வந்து சப்னா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். தலைமுடி முழுக்க மணல். "வாப்பா, இதில ஒரு பள்ளம் தோண்டுங்க. நான் உள்ள இறங்கணும்."

முனாஸ் மண்வெட்டியோடு ஹப்ஸாவிடம் திரும்பினார். "எவ்வளவு ஆழம் டீச்சர் தோண்டலாம்?"

"என்ன ஏன் கேக்கிறீங்க? அவளிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ஷிஹானைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அஸீமாவுக்குக் கைகொடுக்கப் போனாள் ஹப்ஸா.