மஞ்சள் டேப்

பெட்டியை லாரியில் ஏற்றியவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான். மஞ்சள் டேப் ஒட்டிய சாமான் முதலில் ஏறவேண்டும், உள்கோடிச் சுவரோடு; அதன் மேல் எதுவும் சாயக்கூடாது. ஒன்பது வருடமாக இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையில் சவுண்டு பார்க்கிறேன். இந்த ஒரு விஷயத்துக்காக எத்தனை பேரிடம் காட்டுக் கத்தல் கத்தியிருப்பேன்! இன்று காலை என் ஊசி மருந்து வைத்த குட்டி ஐஸ் பெட்டியை சவுண்டு மிக்ஸருக்கு அடியில் வைத்தபோது, குளிர்பானம் என்று நினைத்து எவனாவது திறந்துவிடுவானே என்று பயம். நானே டேப்பைக் கிழித்து ஒட்டி, மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன். பழக்க தோஷம்.

மதியக் கச்சேரி முடிந்ததும், பாடும்போது காதில் மாட்டும் கருவி இரைகிறது என்று பாடகி அறைக்குக் கூப்பிட்டார். அதைச் சரிபண்ணிவிட்டு வந்து பார்த்தால் மேடை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. லாரி கிளம்பி ஒரு மணி நேரமாகிவிட்டதாம்.

ராத்திரி ஏழரைக்கு ஊசி போட்டாக வேண்டும். அதிலிருந்து கணக்காக முப்பத்தாறு மணி நேரத்தில் கருமுட்டையை எடுப்பார்கள். நேரம் தப்பினால் முட்டை வீண். எனக்கு நாற்பத்தொன்று. இது மூன்றாவது தடவை. வளர்ந்திருப்பது ஒரே ஒரு முட்டை. "இதோட போதும்மா" என்று டாக்டரே சொல்லிவிட்டார். லீவு போட்டிருக்கலாமே என்பீர்கள். முதல் தடவை போட்டேன். எனக்குப் பதிலாக வந்தவன் பெரிய குழுவில் என் இடத்தில் இன்னும் நிற்கிறான். நான் சின்னக் குழுவுக்கு வந்துவிட்டேன்.

லைட் அக்கா நாலு மருந்துக்கடை ஏறி இறங்கினாள். "ஆர்டர் போட்டா நாளைக்கு வருமாம்டி" என்று மூச்சு வாங்கினாள். மேடை விளக்கெல்லாம் அவள் பொறுப்பு. மூன்று வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்தக் குழந்தை இப்போது சித்தியைத்தான் அம்மா என்கிறது. அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள், அப்புறம் எழுந்து போய்விடுவாள். அவள் மேல் எனக்குப் பொறாமையும் உண்டு. சொல்வதற்கு என்ன வெட்கம்.

லாரி டிரைவருக்குப் போன் போட்டேன். தங்கமான மனுஷன். "ஓரங்கட்டி நிக்கிறேன் மேடம், பதறாம வாங்க" என்றார். டாக்சி பிடித்து விரட்டிக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு ஐந்து. ஒரு பக்கம் பூட்டிக்கிடந்த டயர் கடை, மறுபக்கம் வெறும் பொட்டல்.

டிரைவர் லாரியின் பின்கதவைத் திறந்தார். தரையிலிருந்து கூரைவரை ஸ்பீக்கர், பெல்ட் போட்டு இறுக்கியிருந்தது. ஒன்றைத் தூக்க நாலு ஆள் வேண்டும். இறக்குகிற பலகையும் இல்லை. மூவரும் தோள் கொடுத்து முக்கினோம். இம்மி அசையவில்லை. டிரைவர் ரோட்டுக்கு ஓடி, போகிற வண்டிகளுக்குக் கை காட்டினார். ஒரு கார் மெதுவாகி, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி வேகம் எடுத்தது.

"மன்னிச்சிருங்க மேடம், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் ஏத்துனாங்க" என்றார் அவர். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

ஏழு இருபத்தைந்துக்குப் போன் வந்தது, என் வீட்டுக்காரர்.

"ரெடியா இருக்கியா?"

"ம்."

"கை நடுங்காம போடு. வைக்காத, நான் லைன்லயே இருக்கேன்."

போனை அக்காவிடம் நீட்டினேன். அவள் அதை மார்போடு பொத்திக்கொண்டாள். லாரியில் ஏறி, சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை விட்டேன். தோள்பட்டை வரைக்கும்தான் போனது. "அக்கா, டார்ச் அடி" என்றேன். அவள் அடித்தாள். எந்த மேடையிலும் யார் முகத்திலும் விளக்கைச் சரியாக விழவைப்பவள் அவள். வெளிச்சம் நேராகப் போய் உள்கோடியில் விழுந்தது.

ஐஸ் பெட்டி தெரிந்தது. நுனிவிரலுக்கு அப்பால் இன்னும் இரண்டு முழம். ஒரு கீறல்கூட இல்லாமல், எதுவும் மேலே சாயாமல், அத்தனை பத்திரமாக வைத்திருந்தார்கள். என் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது: 'யாரும் தொடக்கூடாது.'

சந்துக்குள் இருந்த என் கையில், வாட்ச்சில் ஏழரை மணி அலாரம் அடித்தது. அதை அணைக்கக் கையை வெளியே எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. அக்காவின் உள்ளங்கைக்குள்ளிருந்து சன்னமாக அவர் குரல் கேட்டது.

"என்னம்மா, போட்டாச்சா?"

டார்ச் வெளிச்சம் மஞ்சள் டேப்பின் மேல் ஆடாமல் நின்றது.