பீப்பாய் தீரும் வரை

அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் பீப்பாயைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். மேலிருந்து கீழாக, விரல் முட்டியால். காலியாக இருக்கும் இடத்தில் சத்தம் திறந்து கேட்கும். ஒயின் நிற்கும் மட்டத்துக்கு வந்ததும் அடைத்துக்கொள்ளும். அன்று காலை இரண்டாவது இரும்பு வளையத்தைத் தாண்டியும் சத்தம் அடைக்கவில்லை. குனிந்து இன்னும் கீழே தட்டினேன். மூன்றாவது வளையத்துக்குப் பக்கத்தில்தான் ஒயின் ஆரம்பித்தது.

போன வாரம் முழுக்கக் கடையில் பாதி மேசைகள் காலி. வந்தவர்களும் தண்ணீர்தான் அதிகம் கேட்டார்கள். அப்படியானால் யார் குடித்தது?

எங்கள் பக்கத்தில், தெனெரிஃபேயின் வடக்குச் சரிவில், இந்த மாதிரிக் கடையைக் குவாச்சிஞ்சே என்போம். வீட்டின் வண்டிக்கொட்டகையில் சில மேசைகள், சொந்தத் தோட்டத்து ஒயின், கூடவே வீட்டு அடுப்பில் சமைத்த மூன்று நான்கு வகைச் சாப்பாடு. வேறு யாருடைய ஒயினும் விற்கக் கூடாது. பீப்பாய் தீர்ந்த அன்றே சாலையோரத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, அடுத்த ஒயின் முதிரும்வரை கதவைச் சாத்திவிட வேண்டும். அப்படிச் சாத்துவதில் ஒரு கௌரவம் உண்டு. 'ஒப்டூலியா வீட்டில் தீர்ந்துவிட்டதாம்' என்று ஊரார் சொன்னால் அது எனக்குப் பாராட்டு. எப்போதும் மே மாதம் வரை வரும் பீப்பாய். இப்போது மார்ச்கூட முடியவில்லை.

"எவெலியோ, பீப்பாய் ஒழுகுதா?"

என் கணவன் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். "மரம் குடிக்கும்ல" என்றான்.

"இத்தனை வருஷமாக் குடிக்காத மரம் திடீர்னு இப்பக் குடிகாரனாயிடுச்சா?"

"அதுக்கும் வயசாகுது, பாவம்."

சிரித்தான். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருந்த முடிச்சையே அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அந்த வருடம் எதுவுமே சரியில்லை. ஜனவரியில் வந்த காய்ச்சலில் நாங்கள் இருவரும் படுத்து எழுந்தோம். அதன் பிறகு கடைக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டு என்னை ஏமாற்ற ஆரம்பித்ததுபோல் இருந்தது. சீரகத்தில் ஏதோ கலப்படம். இரண்டு தரம் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டேன். தோட்டத்துக் கொத்தமல்லி பச்சைப்பசேலென்று வளர்ந்தது, ஆனால் கசக்கி மூக்கருகே வைத்தால் வெறும் புல். விதை விற்றவன் மோசம் செய்துவிட்டான் என்று முடிவு செய்தேன். உருளைக்கிழங்கு அவிக்கும் கல்லுப்புகூட முன்னைப்போல் இல்லை. நானும் விடவில்லை. அவர்கள் குறைத்ததையெல்லாம் நான் கூட்டிப் போட்டேன்.

வாழைத்தார் லாரி ஓட்டும் சானோ எனக்கு நெடுநாள் வாடிக்கை. வெள்ளிக்கிழமை வந்தால் கொண்டைக்கடலைக் குழம்பை ரொட்டியால் துடைத்துத் தட்டைக் கழுவும் வேலையே இல்லாமல் வைத்துவிட்டுப் போகிறவன். அவன் இப்போது பாதியை மீதம் வைத்தான்.

"என்ன சானோ, காதலா?"

"இந்த வயசுல காதலா? டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாரும்மா."

அடுத்த மேசை தச்சனுக்கும் அதே டாக்டர் அதையே சொல்லியிருந்தார். அதற்கடுத்த வாரம் பாதிரியாருக்கும். ஊருக்கே ஒரே நோய் வருமா என்று யோசித்தேனே தவிர, அந்த யோசனையை அதன் முடிவுவரை கொண்டுபோகவில்லை. சில எண்ணங்களை நாம் பாதியில் விடுவது தற்செயல் அல்ல என்று இப்போது தோன்றுகிறது.

எவெலியோவும் வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்தான். ஒரு கவளத்தை வாயில் வைத்து, "நல்லா இருக்கு" என்பான். பிறகு எழுந்து பம்பைப் பார்க்க, கொடிக்குத் தூவும் கந்தகம் வாங்க, யாருக்கோ கொடி கட்டித் தர என்று பிக்-அப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். திரும்பி வரும்போது வயிறு நிறைந்தவனின் முகம். பெல்ட் ஓட்டையைக்கூட ஒன்று தள்ளிப் போட்டிருந்தான். என் கையால் சாப்பிடாமல் ஒருவன் பருமனாவதைப் பார்ப்பது விசித்திரமான வேதனை.

ஒரு நாள் அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. வேறொரு பெண்ணின் வாசனையை எதிர்பார்த்த இடத்தில் அவனுடைய வியர்வைகூட இல்லை, கந்தகமும் இல்லை, எங்கள் ஆட்டின் வாடையும் இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எங்கோ குளித்துவிட்டு வருகிறான், சட்டையை அலசிக் காயப்போட்டு வருகிறான் என்று நினைத்தேன். அந்தச் சுத்தம்தான் என்னைக் கலக்கியது. பிறகு வலது கைப்பட்டியில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு எண்ணெய்க் கறை. மிளகாய் மோஹோ, உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளும் சாந்து. நான் பச்சைக் கொத்தமல்லி மோஹோ மட்டும்தான் அரைப்பேன். சிவப்பு அரைக்கிறவள் பக்கத்தில் ஒருத்திதான்.

தொமிங்கா.

கீழ்ச்சாலையில் வாழைத்தோட்டத்து மதிலை ஒட்டி அவள் கடை. கணவன் இறந்த பிறகு தனியாக நடத்துகிறாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், தேர்த்திருவிழா நடனத்தில் எவெலியோவோடு விடாமல் ஆடியவள் என்பது ஊரில் எல்லோரும் மறந்துவிட்ட செய்தி. நான் மறக்கவில்லை. அவள் சமையலை மட்டம் தட்டி நான் சொன்னதெல்லாம் அவள் காதுக்குப் போகும். அவள் என்னைச் சொன்னதும் எனக்கு வரும். அதை ஒரு தொடர்பு என்றால் அவ்வளவுதான் எங்களுக்குள்.

புதன்கிழமை எங்கள் கடை விடுமுறை. எவெலியோ சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வண்டியை எடுத்தான். பின்னால் தார்ப்பாய் மூடியிருந்தது. அவன் போனதும் பீப்பாயைத் தட்டினேன். காலையில் தட்டிய இடத்திலிருந்து என் கையால் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

ஆக, அவளுக்குத்தான். நான் கூடைகூடையாகப் பறித்த திராட்சை, என் விரல் வெடித்த அறுவடை, அவள் வீட்டு மேசையில்.

குடையை எடுத்துக்கொண்டு கீழிறங்கும் பாதையில் நடந்தேன். மலையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தயாரித்தேன். ஒவ்வொரு வளைவிலும் வாக்கியம் சின்னதாகிக்கொண்டே வந்தது. மதிலைத் தாண்டியபோது எங்கள் வண்டி நின்றது. தார்ப்பாய் விலகிக் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கதவைத் தள்ளினேன். நான் எதிர்பார்த்தது இரண்டு பேரை. அங்கே இருந்தது என் கடை. சானோ, தச்சன், பாதிரியார், தபால்காரி அவள் அம்மாவுடன். என் வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சானோவின் தட்டு துடைத்து மின்னியது. மூலையில் எவெலியோ, வாயில் கரண்டி.

அவன் எழுந்தான்.

"உக்காரு" என்றேன். "தின்னு முடி. டாக்டர் இங்க உப்பைக் குறைக்கச் சொல்லலையா, சானோ?"

சானோ ரொட்டியைப் பார்த்தான்.

தொமிங்கா சமையலறையிலிருந்து வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வா, ஒப்டூலியா. வழி தெரிஞ்சு வந்துட்டியே."

"இத்தனை பேருக்குத் தெரிஞ்ச வழி, எனக்குத் தெரியாதா?"

"நின்னுகிட்டே சண்டை போட்டா கால் வலிக்கும் கண்ணு. ஒரு வாய் குடி."

அவள் குவளையில் ஊற்றி மேசைமேல் வைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் பயந்தேன் என்றாகும். எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தேன். அவள் ஒயினை வைத்தே அவளை அடிக்கலாம் என்று தோன்றியது.

"இதுக்குப் பேர் ஒயினா?" என்றேன், எல்லோருக்கும் கேட்க. "தண்ணியில சாயம் கலந்த மாதிரி இருக்கு. மண்ணும் இல்ல, பழமும் இல்ல. இதைக் குடிக்கவாடா இவ்வளவு தூரம் வர்றீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. பாதிரியார் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். எவெலியோ, "ஒப்டூலியா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

தொமிங்காவின் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. அதற்குப் பதில் வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டாள்.

"இது உங்க வீட்டு ஒயின்" என்றாள் மெதுவாக. "காத்துப் புகுந்து என் பீப்பாய் காடியாப் போச்சு. உன் புருஷன் கொண்டாந்து தர்றான். நீ குடிச்சது நீ பறிச்சது."

பொய் என்றேன். இல்லை, சொல்ல வாயெடுத்தேன். மீதியைக் குடித்தேன். நாக்கில் வைத்து உருட்டினேன். குளிர்ச்சி தெரிந்தது. நனைவது தெரிந்தது. கல்யாணமான வருடத்திலிருந்து என் மேசையில் இருக்கும் ஒயின். கண்ணைக் கட்டிவிட்டு நூறு குவளை வைத்தாலும் இதை எடுத்துவிடுவேன் என்று நான் சவால் விட்டிருக்கிறேன், இதே ஆட்களிடம்.

தொமிங்கா ஒரு தட்டுக் கொண்டைக்கடலையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "சாப்பிட்டுப் பாரு."

சூடு. மாவுபோல் வெந்த பதம். அவ்வளவுதான்.

"எவ்வளவு நாளா ருசி தெரியல?" என்றாள்.

சீரகக் கடைக்காரனின் முகம் நினைவுக்கு வந்தது. விதைக்காரன். எதுவும் வீசாத அந்தச் சட்டை. "காய்ச்சலுக்கு அப்புறம்" என்றேன். என் குரல் எனக்கே அடங்கிக் கேட்டது.

திரும்பும் வழியில் வண்டியின் கண்ணாடியில் மேகம் ஈரமாகப் படிந்தது. எவெலியோ துடைப்பானைப் போட மறந்தே ஓட்டினான்.

"எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்."

"நீ தினமும் நல்லா இருக்குன்னு சொன்னே."

"ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்தறது?" அவன் தொண்டையைச் செருமினான். "சாப்பாடு சரியில்லன்னு கூட்டம் நின்னு போச்சுன்னா அது உன் பேரு. ஒயின் தீர்ந்து மூடுனா எல்லாரும் மூடுற மாதிரிதான். சீக்கிரம் தீர்ந்துட்டா, வெயில் காலத்துக்குள்ள உனக்குச் சரியாயிடும்னு நெனச்சேன். கீழ ஊத்த மனசு வரல. அவ பீப்பாயும் கெட்டுப்போச்சு, அதான்..."

"அங்கேயே சாப்பிட்டே."

"பசிச்சுது, ஒப்டூலியா."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று தெரிந்தது. என் பெயரைக் காப்பாற்றத் தன் ஒயினை எதிராளியின் பீப்பாயில் ஊற்றியிருக்கிறான். அதை அன்பு என்று எடுத்துக்கொள்ள வேறொருத்தியால் முடியலாம். எனக்குள் வேறொன்று ஓடியது. இவ்வளவு சுலபமாக 'நல்லா இருக்கு' சொல்லத் தெரிந்தவன், இதற்கு முன் எத்தனை முறை சொல்லியிருக்கிறான்? என் முதல் குழம்புக்கு. நான் வெட்டிக்கொண்ட முடிக்கு. நான் தேர்ந்தெடுத்த இந்த வாழ்க்கைக்கு. தொமிங்காவைப் பற்றிய சந்தேகம் போன இடத்தில் ஒரு பெரிய காலியிடம் திறந்துகொண்டு, தட்டினால் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பீப்பாயைத் தட்டினேன். அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஈஸ்டர் வரை இழுக்கலாம்.

"பலகையைக் கழட்டிரட்டுமா?" என்றான் எவெலியோ. சுத்தியலைக்கூடக் கையில் எடுத்திருந்தான்.

"வேண்டாம்."

கொண்டைக்கடலைக் குழம்புக்கு வெங்காயம் வதக்கினேன். சத்தத்தை வைத்தும் நிறத்தை வைத்தும் கை தன் வேலையைச் செய்தது. உப்பிட்ட பிறகு கரண்டியில் எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"உண்மையைச் சொல்லு."

ஊதி, சுவைத்து, விழுங்கினான். "நல்லா இருக்கு."

இமை அசையவில்லை. குரலும் எப்போதும்போல். உண்மையாகவே நன்றாக இருந்திருக்கலாம். அதுதான் கொடுமை. அந்த முகத்தில் படிக்க ஒன்றுமில்லை, சட்டையில் முகர ஒன்றுமில்லாததுபோல. போனை எடுத்தேன்.

அவன் முகம் வெளுத்தது. "யாருக்கு? நகராட்சிக்கா? ஒப்டூலியா, பண்ணிராத. வேற வீட்டு ஒயினை வித்தாள்னு தெரிஞ்சா அவ கடையை இழுத்து மூடிருவாங்க. அவளுக்கு வேற கதியில்ல."

அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இரவெல்லாம் அது என் பக்கத்தில்தான் படுத்திருந்தது.

"தொமிங்கா," என்றேன் போனில். "உன் கடை திறக்கறதுக்கு முன்னாடி தினமும் இங்க ஒரு எட்டு வர முடியுமா? உப்புப் பார்க்கணும்."

மறுபக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைத்தாள். "வீட்ல ஒரு ஆம்பளை நாக்கு இருக்கே, அது போதாதா?"

"அது பொய் சொல்லும்."

"நான் வாயைத் திறந்தா நீ தாங்க மாட்டே, கண்ணு."

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

"அப்படின்னா என் பீப்பாய்க்கு?"

"அவன் கொண்டாந்து கொடுக்கட்டும். இனி தார்ப்பாய் வேண்டாம்."

அவள் கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. எவெலியோ அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அதை எவ்வளவு வேகமாகப் போட்டான் என்று நான் கவனித்தேன். தொமிங்கா உட்காரவில்லை. நேராக அடுப்பிடம் போய்க் கரண்டியைத் தோய்த்து வாயில் வைத்தாள்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்கள் சுருங்கின, உதடு கோணியது. தொட்டிக்குத் திரும்பித் துப்பினாள்.

"கடல் தண்ணியைக் கொண்டாந்து கொதிக்க வச்சிருக்கே, மகராசி" என்றாள். "சீரகம் வேற, ஆட்டுக்குத் தீனி மாதிரி."

எவெலியோ தரையைப் பார்த்தான். எனக்கு முகம் சுட்டது. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக ஒருவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.

"உப்பை இழுக்க எவ்வளவு கிழங்கு போடட்டும்?" என்று கேட்டு, கத்தியை எடுத்தேன்.