ஈரம் காயாத முகம்

டோர்ட்ரெக்ட் ஊரில் குடும்பப் படம் எழுதும்போது செத்தவரை விட்டுவிடும் வழக்கமில்லை. இருப்பவர்கள் வண்ணத்தில் நிற்பார்கள். செத்தவர் ஓரமாக ஒரு பீடத்தின் மேல், சாம்பல் நிறத்தில், கற்சிலையாக இருப்பார். மரவியாபாரி அட்ரியானின் மகன் தைஸும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சனவரியில் உறைந்த ஆற்றின் மேல் சறுக்கப் போனவன் பனி உடைந்து மூழ்கிவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்று அட்ரியான் நகர மன்றத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

பையன் மச்சில் ஒளிந்திருந்தான். ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கக் குலுக்கிய சீட்டில் அவன் எண் விழுந்திருந்தது. முந்தின வருஷம் அதே தெருவிலிருந்து ரஷ்யாவுக்குச் சண்டைக்குப் போன மூன்று பேரில் ஒருவன்கூடத் திரும்பவில்லை.

குடும்பப் படம் எழுத வந்த ஓவியக்காரி கெர்ட்ரூடாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் புத்தி கெட்டுப்போனாள்.

"உசுரோட இருக்கிறவனக் கல்லாக்காதீங்கம்மா. நானே அவனுக்குக் குழி வெட்டற மாதிரி இருக்கு" என்று தாய் ஆல்டியே கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கெர்ட்ரூடா இளகிவிட்டாள். காலையில் ஒரு மணி நேரம் தைஸை மச்சிலிருந்து இறக்கி உட்காரவைத்து, கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிய வண்ணத்தில் எழுதினாள். தெருப்பக்கச் சன்னலுக்குத் திரை போடவும் வழியில்லை. பகலில் திரை போட்ட வீட்டை அந்த ஊர் சும்மா விடாது.

யார் எட்டிப் பார்த்தார்களோ, யார் போய்ச் சொன்னார்களோ, பாழாய்ப் போனவர்கள். மூன்றாம் நாள் பிரெஞ்சு அதிகாரி துவால் கதவைத் தட்டினார். தைஸ் மச்சுப்படி ஏறி மறைய மட்டும்தான் நேரமிருந்தது.

துவால் தொப்பியைக் கழற்றாமல் படத்தின் முன் நின்றார். "யாரு இந்தப் பையன்?"

"செத்துப்போன என் மகன்" என்றார் அட்ரியான்.

"மூணு வருஷமா இந்த ஊர்ல குடியிருக்கேன். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவோட செத்த சித்தப்பா கணப்புக்கு மேல சாம்பலாத்தான் தொங்கறாரு. உங்க பையன் மட்டும் ஏன் ரோசாப்பூ மாதிரி இருக்கான்?"

கெர்ட்ரூடா முந்திக்கொண்டு பேசினாள். "வேலை இன்னும் முடியலைங்க ஐயா. முதல்ல முகம் பிடிபடணும். அப்புறம்தான் சாம்பல் பூசுவோம்."

பச்சைப் பொய். துவால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பூசுங்க. பாத்துட்டுப் போறேன்."

வெள்ளையையும் கறுப்பையும் குழைத்தாள். அடியில் இருந்த வண்ணம் இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் ஈரத்தைப் பூசக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். சாம்பல் அந்தச் சதை நிறத்தோடு கலந்து பச்சையும் ஊதாவுமாகத் திரிந்தது. தைஸ் கல்லாகவில்லை. பத்து நாள் தண்ணீரில் ஊறிய பிணமானான்.

ஆல்டியே அலறினாள். அடிவயிற்றிலிருந்து வந்த அலறல் அது.

மச்சுப்படி கிறீச்சிட்டது. ஒரு படி. இன்னொரு படி. அம்மாவின் குரல் கேட்டு மகன் இறங்கி வருகிறான். துவாலின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. கெர்ட்ரூடாவின் கையில் தூரிகை நின்றுவிட்டது.

ஆல்டியே பாய்ந்து போய்ப் படத்தின் முகத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"தைஸ்! வராதடா கண்ணு! அங்கயே இரு! அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, யாரும் அம்மாவ ஒண்ணும் பண்ணல. நீ இருக்கிற எடத்துலயே இருடா, என் ராசா!"

படி அமைதியானது.

ஆல்டியே நிறுத்தவில்லை. வராதே, வராதே என்று அந்த ஈர முகத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். துவால் எழுந்தார். கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"எங்கம்மாவும் இப்படித்தான், என் தம்பி செத்தப்ப" என்று அட்ரியானிடம் முணுமுணுத்துவிட்டு வெளியே போனார்.

அவருடைய பூட்ஸ் சத்தம் பாலத்தைத் தாண்டி ஓய்ந்தது. அப்புறம்தான் தைஸ் இறங்கி வந்தான். ஆல்டியே ஓடிப்போய் அவன் முகத்தை இரு கையாலும் ஏந்தினாள். கையை எடுத்தபோது அவன் கன்னம் இரண்டிலும் அந்தச் சாம்பல் அப்பியிருந்தது. படத்தில் இருந்த அதே பிண நிறம்.

அவள் மேலங்கியின் நுனியைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினாள். சாம்பல் போன பிறகும் விடவில்லை. கன்னம் கன்றிச் சிவந்தது.

"வலிக்குதும்மா" என்றான் தைஸ்.

"வலிக்கட்டும்" என்று சொல்லி மேலும் தேய்த்தாள்.