முனிரத்தினத்தை மாட்டிவிட்ட கண்ணாடி

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் முனிரத்தினம் டிபன் ஓட்டல் வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் நகரியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நூல் விலை கைக்கு அடங்காமல் போன வருஷம் தறியை விற்றுவிட்டு, மனைவி பச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு சித்தூருக்கு வந்தார். அவர் வாசலோரம் கல்லாவில் உட்கார்ந்தார். பச்சையம்மாள் பின்கட்டில் அடுப்பைப் பற்றவைத்தாள். பன்னிரண்டு வருஷமாக இருவரும் அந்தந்த இடத்திலேயே இருந்தார்கள்.

தொண்ணூற்று ஏழில் எதிர்வரிசையில் ஒரு பாஸ்ட் புட் கடை வந்தது. ஏசி, கண்ணாடிக் கதவு, தொப்பி போட்ட பையன்கள். அங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்ததால் பத்துப் பேர் உட்கார்ந்தால் நாற்பது பேர் மாதிரி தெரிந்தது. பெங்களூர் போகிற கூட்டமும் மெட்ராஸ் போகிற கூட்டமும் அதைப் பார்த்து அங்கேயே நுழைந்தன.

முனிரத்தினம் விடுவாரா? திருப்பதியிலிருந்து கிருஷ்ணப்பா என்கிற கண்ணாடி வேலைக்காரரை வரவழைத்து, கூடத்தின் ஒரு பக்கச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி பதித்தார். முதல் நாளே பங்காருபாளையம் மாங்காய் வியாபாரி ஒருவர், எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி குந்துப்பா" என்றார். அந்த ஆளும் அதே நேரத்தில் வாயசைத்தார். வியாபாரி முறைத்தார். அவரும் முறைத்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்த பிறகுதான் வியாபாரிக்கு விஷயம் புரிந்தது. ஆனாலும் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

வேலை முடிந்ததும் முழங்கை அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சியது. அதைப் பார்த்ததும் முனிரத்தினத்துக்கு ஒரு யோசனை வந்தது.

பரிமாறுகிற கோவர்த்தனன் மீது அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். போட்ட வடைக்கும் போன வடைக்கும் கணக்கு இடித்தது. ஆனால் கல்லாவிலிருந்து பார்த்தால் சமையல்கட்டின் வாசல் மட்டும்தான் தெரியும். அடுப்பும் வடைப் பேசினும் உள்ளே இடப்பக்கம், சுவருக்குப் பின்னால் மறைந்திருந்தன. அந்தத் துண்டுக் கண்ணாடியைச் சமையல்கட்டுக்குள் வலப்பக்கச் சுவரில் சற்றுச் சாய்த்து மாட்டச் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அங்கியே நிறுத்து" என்று கை காட்டினார். வாசல் வழியாகப் பார்த்தால் கண்ணாடிக்குள் வடைப் பேசின் பளிச்சென்று நின்றது.

"இன்னாத்துக்கு இது?" என்று பச்சையம்மாள் கேட்டாள்.

"வாஸ்து. மூலையில கண்ணாடி இருந்தா யாவாரம் ரெட்டிப்பாவுமாம்."

அன்று சாயங்காலமே கோவர்த்தனன் சிக்கினான். கையில் இரண்டு பிளேட்டோடு கூடத்துக்கு வந்தவனிடம் முனிரத்தினம் அமைதியாகக் கேட்டார்: "வாயில இன்னாடா துன்னுக்கினு வர?"

"ஒண்ணுமில்லண்ணா."

"காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால நின்னு சத்தியம் பண்ணுவியா?"

கோவர்த்தனன் வடையை மென்றும் மெல்லாமலும் விழுங்கினான். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அவன் வடைப் பேசின் பக்கமே போவதற்குப் பயந்தான். அண்ணனுக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்று பக்கத்துப் பழக்கடையில் போய்ச் சொன்னான். முனிரத்தினத்துக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட அவரிடம் வேறு ஒரு ஏற்பாடு இருந்தது. சர்க்கரை வியாதி வந்து ஒரு வருஷமாகப் பச்சையம்மாள் அவருக்கு இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்திலேயே விற்பனைக்கான பாதுஷா கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தது. கூட்டம் குறைகிற நேரத்தில் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

கண்ணாடி மாட்டிய நாலாம் நாள், ஒரு பாதுஷாவை விழுங்கி மீசையைத் துடைத்து முடிப்பதற்குள் கோவர்த்தனன் ஒரு டம்ளரோடு வந்து நின்றான்.

"அக்கா குடுத்தாங்கண்ணா. பாவக்கா ஜூஸ்."

"இப்ப எதுக்கு?"

"தெரியாதுண்ணா. நீங்க குடிச்சி முடிக்கிற வரைக்கும் நிக்கச் சொன்னாங்க."

குடித்தார். நாக்கு சுருண்டுபோயிற்று. மறுநாள் காலையில் ஒரு பாதுஷா, ஒரு டம்ளர். மத்தியானம் இரண்டு பாதுஷா, இரண்டு டம்ளர். முனிரத்தினத்துக்கு வேர்த்தது. நியூஸ் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தார். பேப்பரை மடிக்கும்போது டம்ளர் மேஜை மேல் இருந்தது. ஒரு தடவை பேப்பரை நிஜமாகவே படிப்பதற்காக விரித்தார். அப்போதும் வந்தது.

கண்ணாடியில் உற்றுப் பார்த்தார். பச்சையம்மாள் தோசைக் கரண்டியோடு நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'கண்ணாடியைக் கண்டா பொம்பளைங்க விடுவாங்களா, பொட்டு சரியா இருக்குதான்னு பாத்துக்கினு இருக்கா' என்று நினைத்துக்கொண்டார். ஆவி படிந்த கண்ணாடியை அவள் முந்தானையால் துடைத்தாள். தான் சொன்ன வாஸ்துவை மதிக்கிறாளே என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் பயம் போகவில்லை. கூடத்திலும் சில விசித்திரங்கள் நடந்தன. யாரும் கேட்பதற்கு முன்பே கோவர்த்தனன் சட்னி வாளியோடு வெளியே வந்தான். ஒரு தடவை வலது ஓரம் உட்கார்ந்திருந்தவர் இலையில் சட்னியை ஊற்றிவிட்டான். அவர் போதும் போதும் என்று கையை நீட்டி மறித்தார். சட்னி தீர்ந்துபோய் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் இடது ஓரத்தில் இருந்தார்.

"வலது பக்கத்து ஆளுக்குன்னு அக்காதான் சொன்னாங்க" என்றான் கோவர்த்தனன்.

"அவ எப்பிடிடா சொன்னா? அவ உள்ள தானே இருக்கா?"

கோவர்த்தனன் சட்னி வாளியோடு இடது ஓரத்துக்கு நகர்ந்தான். அக்காவுக்கும் சக்தி வந்துவிட்டது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் கிருஷ்ணப்பா ஏதோ வேலையாகச் சித்தூர் வந்தவர் டிபன் சாப்பிட நுழைந்தார். முனிரத்தினம் அவரைக் கல்லா பக்கத்தில் உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். கிருஷ்ணப்பாவுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணா, நீங்க கேரம் ஆடினது உண்டா?"

"நகரியில ஆடுவோமே."

"ஸ்ட்ரைக்கரைக் கட்டையில அடிச்சித் திருப்பி அந்தப் பக்கத்துக் காயைத் தட்றீங்க. எவ்ளோ சாய்வா போயி முட்டுதோ அவ்ளோ சாய்வாத்தான் திரும்பும். செரி, இப்ப அந்தக் காய் இருக்கிற எடத்துல ஒரு ஆளு குந்திக்கினு, கட்டையில அதே எடத்தைப் பாத்து அடிச்சா?"

முனிரத்தினம் விரலால் மேஜைமேல் கோடு போட்டுப் பார்த்தார். விரல் போன வழியிலேயே திரும்பி வந்து அவர் வயிற்றில் முட்டியது.

"எங்கிட்ட வரும்."

"அந்தே அண்ணா, அவ்ளோதான். வெளிச்சமும் அப்பிடித்தான். கண்ணாடியில அவுங்க கண்ணு உங்களுக்குத் தெரியுதுன்னா, உங்க கண்ணு அவுங்களுக்குத் தெரியுது. எடம் வலம் மட்டும் மாறும். அதான் சட்னி தப்பான எலைக்குப் போச்சி."

முனிரத்தினம் மெல்லத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். பச்சையம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். பொட்டைச் சரி செய்யவில்லை. கரண்டியைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள்.

அவர் எழுந்து உள்ளே போய்க் கண்ணாடியில் கை வைத்தார். "கிருஷ்ணப்பா, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கினு வா. இதக் கயட்டு."

"கை வெக்காதீங்க" என்றாள் பச்சையம்மாள்.

"நான் துன்றத வேவு பாக்கிறியா?"

"கோவர்த்தனன் துன்றத நீங்க பாக்கலியா? வாங்க, ரெண்டு பேரும் காணிப்பாக்கம் போவலாம். யாரு எத்தினி பாதுஷா துன்னாங்கன்னு அங்க சத்தியம் பண்ணலாம்."

கோவர்த்தனன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தன் வடை எப்படிப் பிடிபட்டது என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. முனிரத்தினத்தின் கை கண்ணாடியிலிருந்து இறங்கியது.

பச்சையம்மாள் அடுப்பைக் குறைத்தாள். "பன்னெண்டு வருசமா இந்தச் செவுத்தைப் பாத்துக்கினு இட்லி ஊத்தினேன். யாரு துன்றாங்க, எப்பிடித் துன்றாங்கன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. பிளேட்டு காலியா வரும், அவ்ளோதான். இப்ப மூஞ்சியெல்லாம் தெரியுது. மொதல் வாயிக்குக் கண்ண மூடிக்கினு துன்றாரே ஒரு டிரைவரு, அவரைப் பாக்கணும் நீங்க. உங்க பாதுஷாவைப் பாக்கவா நான் நின்னேன்? அது நடுவுல வந்து மாட்டிக்கினுது."

முனிரத்தினம் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக அந்த முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு முகமும் அவருக்கு நினைவில் இல்லை.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை கண்ணாடிக்குப் போனது. "அங்க பாருங்க. அந்தப் பொண்ணு."

கூடத்தில் ஒரு மேஜையில் முப்பது வயதிருக்கும் பெண் ஒருத்தி புதுப் பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று இட்லி வாங்கியிருந்தாள். ஒன்றைத் தின்றுவிட்டு, மீதி இரண்டையும் யாரும் பார்க்காதபடி கைக்குட்டையில் மடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பச்சையம்மாள் ஆறு இட்லியை இலையில் வைத்து, பொடியும் எண்ணெயும் குழைத்துக் கட்டினாள். கோவர்த்தனன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். வலப்பக்கம் திரும்பியவள் சுதாரித்து இடப்பக்கம் போனாள்.

"எங்கம்மா போற?"

"கொவைத்துக்கு அக்கா. வீட்டு வேலைக்கி. ராத்திரிக்கி மெட்ராஸ்ல பிளேன்." பெயர் யமுனா என்றாள். ஊர் வெதுருகுப்பம். பிள்ளைகள் இரண்டு பேரும் அம்மா வீட்டில்.

"இத வெச்சிக்க. பொடி தடவின இட்லி சீக்கிரம் கெடாது."

"நான் மடிச்சது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று யமுனா கூச்சத்தோடு கேட்டாள்.

பச்சையம்மாள் சமையல்கட்டு வாசலைக் காட்டினாள். யமுனா எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அடுப்பும் வடைப் பேசினும் தெரிந்தன. பேசின் பக்கத்தில் முனிரத்தினம் ஒரு வடையை வாயில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். மெட்ராஸ் பஸ் ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பஸ் திரும்பிப் போகும்வரை பச்சையம்மாள் வாசலில் நின்றாள். பிறகு அதே மேஜையில், அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோவர்த்தனா, ஒரு மசால் தோசை."

"யாருக்கு அக்கா?"

"எனக்குத்தான். அண்ணனை ஊத்தச் சொல்லு."

உள்ளே கல்லில் மாவு விழுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து கையைச் சுட்டுக்கொண்டு முனிரத்தினம் 'ஸ்ஸ்' என்கிற சத்தமும் கேட்டன. முதல் தோசை பிய்ந்துபோனது. இரண்டாவது ஒரு பக்கம் கருகி வந்தது. பச்சையம்மாள் அவசரப்படாமல் ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றாள்.

"உப்பு கம்மி" என்று உள்ளே கேட்கும்படி சொன்னாள்.